காசியில் விட்ட கோபம்

பிரமநாயகம் காசிக்குப் போய் விட்டுவிட்டு வந்த கோபம், அவர் ஊர் திரும்பிய பதினோராம் நாள் காலையில் சென்னை வண்டியில் தென்காசிக்கு வந்து இறங்கியது. காக்கிச் சட்டையும் கழுத்தில் விசிலும் முறுக்கிய மீசையுமாக, நாற்பது வயதுப் பிரமநாயகத்தை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரும் டிக்கெட் இல்லாமல்தான் வந்திருந்தது, ஏறி இறங்கிய அத்தனை பரிசோதகர்களில் ஒருவருக்கும் அதனிடம் டிக்கெட் கேட்கிற துணிச்சல் வரவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோக்காரர் சொன்ன வாடகைக்கு ஒரு சத்தம் போட்டு, வழியில் கோணலாக நின்ற இரண்டு மோட்டார் பைக்குகளை நேராக நிறுத்த வைத்து, நடந்தே பன்னீர்த் தெருவுக்கு வந்து பதினேழாம் நம்பர் வீட்டு முன்னால் நின்றது. பார்த்தவர்கள், "பிரமநாயகம் அண்ணாச்சிக்கு கோபம் வந்துட்டு போலயே" என்று சொல்லிக்கொண்டு பால் வாங்கப் போனார்கள். அவருக்குக் கோபம் வருவது அந்தத் தெருவுக்குப் புதிதில்லை. தனியாக வந்ததுதான் புதிது.

அந்தக் கோபம் ஒரு காலத்தில் ஊர்ச் சொத்தாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக முப்பத்தோரு வருஷம் இருந்தவர் பிரமநாயகம். வண்டி எடுக்க ஒரு நிமிஷம் பிந்தினால், டிரைவரின் ஏழு தலைமுறையும் ஜன்னலோரத்துப் பயணிகளுக்கு மனப்பாடம் ஆகிற அளவுக்கு நலம் விசாரிப்பார். ஆனால் அந்த வாயால்தான் அவர் கெட்டார். மகள் குழல்வாய்மொழியை மதுரையில் கட்டிக்கொடுத்த வருஷம், தலைதீபாவளிக்கு முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொன்ன மகளும் மாப்பிள்ளையும், பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த பஸ் பிடித்து, போட்ட இலையெல்லாம் வாடிப்போன பிறகு நாலரை மணிக்கு வந்து இறங்கினார்கள். வாசலில் கால் வைப்பதற்குள், மாப்பிள்ளை முன்னால், தெருவே கேட்க, "நேரம் தெரியாத கழுதைக்கு இந்த வீட்ல இலை கிடையாது" என்று கத்திவிட்டார். மகள், வந்த ஆட்டோவிலேயே மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனவள்தான், ஆயிற்று ஏழு வருஷம். பேத்தி பிறந்து பள்ளிக்கூடமும் போகிறாள். அவளைப் பாட்டிக்காரி ஆவுடையம்மாள் செல்போனில் பார்த்திருக்கிறாள், பிரமநாயகம் அப்படிக்கூடப் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட மனிதர் செய்ய வேண்டியது மதுரைக்கு பஸ் ஏறுவது. அவர் காசிக்கு ரயில் ஏறினார். மதுரை என்ன, நூற்றைம்பது கிலோமீட்டர் இருக்குமா? ஆனால் மகளிடம் போய் நிற்பதைவிட மகேசனிடம் போய் நிற்பது நம் ஆட்களுக்கு எப்போதுமே சுலபம்.

பாத்திரக்கடை சைலப்பன்தான் தெருவில் இருபத்தாறு பேரைத் திரட்டி அந்த யாத்திரையைக் கூட்டிப்போனது. காசி முடிந்து கயா போய், பித்ருக்களுக்குப் பிண்டம் வைத்து, ஆலமரத்தடியில் ஒரு காயையோ கனியையோ விட்டுவிட வேண்டும், அதுவும் மனசுக்குப் பிடித்ததை விட வேண்டும், பிறகு ஆயுசுக்கும் அதைத் தொடக் கூடாது என்பது முறை. கயாவில் விட்டாலும் பேச்சுக்கு அது 'காசியில் விட்டது'தான். பன்னீர்த் தெருக்காரர்கள் முறை தவறாதவர்கள். பதினான்கு பேர் கண் கலங்கப் பாகற்காயை விட்டார்கள். சைலப்பன் நூக்கலை விட்டார். அவர் மனைவி வேலம்மாள், குற்றாலத்தில் ஒரு முறை வாசனை பட்டதற்கே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்த துரியன்பழத்தை விட்டாள். ஆவுடையம்மாள் ஒருத்திதான் தனக்கு உயிரான அவரைக்காயை விட்டாள். அவள் மெதுவாகச் சொன்னதால் அது யார் காதிலும் விழவில்லை, புருஷன் காதிலும்தான்.

பிரமநாயகத்தின் முறை வந்தது.

"காய் பேர் சொல்லுங்கோ" என்றார் சடங்கு செய்துவைத்த சாஸ்திரிகள்.

"கோபம்."

"அது காய் இல்லையே, ஓய்."

"பழுத்துட்டு சாமி. பழம்னு வச்சுக்கிடுங்க."

சாஸ்திரிகள் எத்தனையோ பேரைப் பார்த்தவர். சரி, பெயர் நட்சத்திரம் சொல்லும் என்றார். அங்கேதான் டைம் கீப்பர் புத்தி வேலை செய்தது. பஸ்ஸில் ஏற்றுகிற பார்சலில் அனுப்புகிறவர் விலாசம் இல்லாவிட்டால் வழியில் தொலைந்துபோகும் என்பது அவருடைய முப்பத்தோரு வருஷ அனுபவம். தொலைந்துபோகத்தான் அனுப்புகிறோம் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. பெயர், நட்சத்திரம், கதவு எண் பதினேழு, பன்னீர்த் தெரு, தென்காசி என்று பின்கோடு வரைக்கும் சொல்லி, எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தாரை வார்த்துவிட்டு வந்தார்.

விலாசம் சரியாக இருந்ததால் பார்சல் சரியாக வந்து சேர்ந்தது.

வந்த கோபத்தைப் பிரமநாயகம் கேட்டுக்கு உள்ளே நின்று பார்த்தார். "நான் உம்மை விட்டுட்டேன்" என்றார், மிகவும் மரியாதையாக. கோபத்துக்கு ரோஷம் உண்டு, கூப்பிடாத வீட்டுக்குள் அது நுழையாது. எதிரே இருந்த மின்கம்பத்தடியில் போய் நின்றுகொண்டது. வெயிலிலும் மழையிலும் அங்கேயே நின்றது. இதை என்ன செய்வது என்று தெரு யோசித்தது. விரட்டலாம் என்றால் யார் விரட்டுவது? கடைசியில் சைலப்பன் கோயிலுக்குப் போய்க் குருக்களிடமே கேட்டுவிட்டார்.

"பாகற்காயை விட்டவா ஆத்துல பாகற்காயே வாங்கறதில்லையா என்ன?" என்றார் குருக்கள். "மத்தவா சாப்பிடலாம். விட்டவர் வாயில வைக்கப்படாது, அவ்வளவுதான்."

"அப்ப அண்ணாச்சி கோபத்தை நாங்க எடுத்துப் புழங்கலாம்?"

"தோஷமில்லை."

அன்றைக்கே சைலப்பன் அதைத் தண்ணீர் லாரிக்காரரிடம் அழைத்துப் போனார். மூன்று வாரமாக 'இந்தா வருது' என்று சொல்லிக்கொண்டிருந்த லாரி, கோபம் விசிலை வாயில் வைத்து எடுப்பதற்குள் தெருவுக்குள் வந்துவிட்டது. மறுநாள் வேலம்மாள், தீபாவளிக்குக் கொடுத்துப் பொங்கல் தாண்டியும் வராத ஜாக்கெட்டுக்காகத் தையல்காரரிடம் கூட்டிப்போனாள், ஜாக்கெட்டோடு அளவுக்கு மீறி வாங்கியிருந்த ஒரு முழம் துணியும் திரும்பி வந்தது. அதன் பிறகு தெருவில் ஆளுக்கொரு நேரம் சொல்லிவைத்து அதை அழைத்துப் போனார்கள். அது சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முந்தியே போய் நின்றது, வேலை முடிந்ததும் கம்பத்தடிக்கு வந்தது, கொடுத்த டீயை ஆற்றாமல் குடித்தது. வயதுக்கு மரியாதை கொடுத்து அதற்குச் சின்ன அண்ணாச்சி என்று பெயரும் வைத்தாயிற்று.

இதனால் பன்னீர்த் தெருவில் ஞானம் பெருகியது. கோபப்படுகிற வேலையைச் சின்ன அண்ணாச்சி பார்த்துக்கொண்டதால், மற்றவர்களுக்குச் சாந்தமாக இருப்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று. வேலம்மாளுக்கு ரத்த அழுத்தம் இறங்கி, மருமகளைப் பார்த்து 'கண்ணு' என்று கூப்பிட ஆரம்பித்தாள், மருமகள் பயந்துபோய் இரண்டு நாள் தாய்வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். சைலப்பன் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சத்சங்கம் நடந்தது. 'கோபத்தை வென்றது எப்படி' என்று சைலப்பன் ஒன்றரை மணி நேரம் பேசினார், பேச்சின் நடுவில் எழுந்து போகிறவர்களைத் தடுக்க மாடிப்படியில் சின்ன அண்ணாச்சியை நிறுத்தியிருந்தார்.

சரி, விட்டவர் கதை என்ன ஆயிற்று? பிரமநாயகம் சாந்த சொரூபியாகிவிட்டார். பால்காரர் தண்ணீர் ஊற்றினால், "கங்கையா நினைச்சுக்கிடுவோம்" என்றார். காய்க்காரர் சொத்தைக் கத்தரிக்காயைத் தள்ளிவிட்டால், புழுவும் ஓர் உயிர்தானே என்றார். நெற்றி நிறைய விபூதியும் உதட்டில் எந்நேரமும் ஒரு சிரிப்புமாக, எதைக் கேட்டாலும் "எல்லாம் பிராப்தம்" என்றார். முதல் ஒரு வாரம் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. இரண்டாவது வாரம் அவரிடம் பேசப் போனவர்களுக்குக் கொட்டாவி வந்தது. ஆவுடையம்மாள் அதற்கு மேலும் பொறுக்கவில்லை.

"கோபத்தை விட்டாச்சுல்லா, இப்ப மகளுக்கு ஒரு போன் போடுங்க" என்று அவள் செல்போனைக் கையில் கொடுத்தாள். இதற்காகத்தானே அவ்வளவு தூரம் போனது. அவரும் போட்டார். ஏழு வருஷத்துக்குப் பிறகு அப்பாவின் குரலைக் கேட்கிற மகளிடம், அதே சிரிப்போடு, "நல்லா இருக்கியா அம்மா, நடந்தது நடந்துபோச்சு, எல்லாம் பிராப்தம், நம்ம கையில என்ன இருக்கு, நேரம் கிடைச்சா வந்துட்டுப் போங்க" என்றார். பால்காரரிடமும் இப்படித்தான் பேசினார்.

"போனை அம்மாகிட்ட குடுங்க" என்றாள் குழல்வாய்மொழி. ஆவுடையம்மாள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"யம்மா, யாரும்மா அது? லோன் வேணுமான்னு கேக்கிறவன் மாதிரி பேசுதாரு."

"அப்பாதாம்ட்டி. காசிக்குப் போய்ட்டு வந்து மாறிட்டாவ."

"என்னைத் திட்டுன அப்பாவை எனக்குத் தெரியும். அந்த அப்பா என்னைக் கூப்பிடட்டும், அடுத்த பஸ்ஸுல வாரேன். இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியல. தெரியாத ஆளு கூப்பிட்டு நான் எதுக்கு வரணும்?"

போன் அணைந்துவிட்டது. ஆவுடையம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிரமநாயகம் வந்து பார்த்தார். ஏழு வருஷமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பவர் போல மார்பைத் தடவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. "அழாத. எல்லாம் மாயை" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். "அப்ப நானும் மாயையா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். சொன்னார். ஆனால், சொத்தைக் கத்தரிக்காயைத் தள்ளிவிட்டாயா என்று கேட்டதற்குக் காய்க்காரர் சொல்கிற 'இல்லை' மாதிரி அது வந்து விழுந்தது. அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"காசியில நீங்க கோபத்தை மட்டும் விடல" என்றாள் ஆவுடையம்மாள். "அது கையைப் பிடிச்சுக்கிட்டு வேற என்னமோவும் போயிட்டு. போய்க் கூட்டிட்டு வாங்க."

அவர் கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கியதுமே சேதி பரவி, கம்பத்தடிக்கு அவர் போவதற்குள் சத்சங்கமே அங்கே கூடிவிட்டது. பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகம் நெருங்கிக்கொண்டிருந்தது, பந்தல்காரரிடம் பேச அடுத்த வாரம் முழுக்கச் சின்ன அண்ணாச்சிக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். சைலப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணாச்சி, உங்க புண்ணியத்துக்காகத்தான் சொல்லுதோம், எங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல. காசியில விட்டதைத் தொட்டா ஏழு ஜென்மத்துக்குப் பாவம்."

"ஏழு வருஷமே என்னால தாங்க முடியலையே, சைலப்பா" என்றார் பிரமநாயகம். சொல்லிவிட்டு, மின்கம்பத்தில் சாய்ந்து நின்ற தன் கோபத்தின் முன்னால் போய் நின்றார்.

"வாரும், வீட்டுக்குப் போவோம்."

கோபம் மேலும் கீழும் பார்த்தது. "நீரு யாருவே?"

"நான்தான். பிரமநாயகம்."

"பிரமநாயகம்னா கொஞ்சம் சத்தமாப் பேசுவாரே."

"நீரு இல்லாம சத்தம் வரமாட்டேங்கு. எம்மகளைத் திட்டுனது நீருதானவே. நீரு வந்து கூப்பிட்டாத்தான் அவ வருவாளாம்."

கோபத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் திட்டினேனா? நல்லாச் சொன்னீரு. அன்னைக்கு மத்தியானம் பன்னெண்டுல இருந்து நாலரை வரைக்கும் இந்த வாசலுக்கும் தெருமுனைக்கும் எத்தனை நடை நடந்தீரு? ராஜபாளையம் பக்கத்துல பஸ் கவுந்துட்டுன்னு எவனோ சொன்னான்னு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போன் போட்டது யாரு? வேர்வையில சட்டை நனைஞ்சு, பூஜை ரூம்ல போய் நின்னு, என்னை எடுத்துக்கோ எம்பிள்ளைய விட்ருன்னு தேம்புனது யாரு? பயந்தது நீரு. அவ முழுசா வந்து இறங்கினதும், கட்டிப்பிடிச்சு அழ வெக்கப்பட்டுக்கிட்டு என்னைய முன்னால தள்ளிவிட்டதும் நீரு. எனக்குத் தெரிஞ்ச பேச்சு அதுதான், பேசினேன். பழி எனக்கு, காசி யாத்திரை உமக்கோ?"

 அன்றைக்கு அவர் நடந்த நடையைத் தெரு பார்த்திருந்தது, பூஜை அறையில் தேம்பியது யாருக்கும் தெரியாது. ஆவுடையம்மாளுக்கே தெரியாது. கேட்டருகில் நின்றுகொண்டிருந்த அவள், பூஜை அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

பிரமநாயகம் கையை நீட்டிக் கோபத்தின் கையைப் பிடித்தார். அடுப்பிலிருந்து இறக்கிய பால்செம்பைத் துணியில்லாமல் பிடித்தது போலச் சுட்டது. விடவில்லை. இருவரும் ஒருவர் பின் ஒருவராகக் கேட்டைத் தாண்டி உள்ளே போனார்கள். ஆவுடையம்மாள் இரண்டு டம்ளரில் காபி கலந்து கொண்டுவந்தபோது நாற்காலியில் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். மிச்சக் காபியை அவளே குடித்தாள்.

"கொண்டா அந்தப் போனை!" என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தாள்.

"ஏட்டி குழலி! நான்தான் பேசுதேன். பிராப்தமும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. நான் செஞ்சதுதான் தப்பு! பஸ் கவுந்துட்டுன்னு சொன்னானுவ. நீ செத்துட்டேன்னு நெனச்சேன்ட்டி. உன்னைப் பாத்ததும் அழுகையா வந்துச்சு, அழத் தெரியாம திட்டிப்போட்டேன். என் தப்பு! கேக்குதா?"

தெருமுனை டீக்கடையில் இருந்தவர்களுக்கே நன்றாகக் கேட்டது. ஒரு மனிதர் மன்னிப்புக் கேட்பதை இவ்வளவு சத்தமாக அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை.

 எதிர்முனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "கேக்குப்பா. போனை ரெண்டடி தள்ளித்தான் பிடிச்சிருக்கேன். நல்லாக் கேக்கு. சனிக்கிழமை வாரோம்."

பன்னீர்த் தெருவின் ஞானம் அத்தோடு போயிற்று. அவரவர் கோபத்தை அவரவரே பட வேண்டிவந்தது. பந்தல்காரரிடம் சைலப்பனே போய்க் கத்திப் பார்த்து, பழக்கம் விட்டுப்போனதால் தொண்டை கட்டி, அந்த ஞாயிற்றுக்கிழமைச் சத்சங்கத்தில் மௌன விரதம் என்று அறிவித்தார். வேலம்மாள் மருமகளைப் பழையபடி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், மருமகளுக்கு நிம்மதியாக இருந்தது. குருக்கள் மட்டும் விடவில்லை. விட்டதைத் திரும்ப எடுத்தால் அதற்குப் பிராயச்சித்தமாக மனசுக்கு நிஜமாகவே பிடித்த வேறொன்றை விட வேண்டும் என்றார். பிரமநாயகம் வீட்டுக்கு வந்து யோசித்தார். அவருக்கு உயிர் அவரைக்காய்ப் பொரியல். அதையே விடுவதாகச் சொன்னார். அப்போதுதான், அந்தப் பொரியலை அவருக்கு மட்டும் பரிமாறிவிட்டு ஊறுகாயோடு எழுந்துபோகிற மனைவியை, காசியிலிருந்து வந்த நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்தும் கவனிக்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

"நீயும் இதைத்தான் விட்டியா? சொல்லலையேட்டி."

"சொன்னேன். கோபத்துக்கு பின்கோடு சொல்லிக்கிட்டிருந்தீங்க, காதுல விழல" என்றாள் அவள்.

சனிக்கிழமை, மதுரையிலிருந்து செங்கோட்டை போகிற பஸ் பன்னிரண்டு மணிக்குத் தென்காசிக்கு வர வேண்டும். பிரமநாயகமும் ஆவுடையம்மாளும் பதினோரு மணிக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்கள். பன்னீர்த் தெருவில் பாதிப் பேருக்கு அன்றைக்குப் பார்த்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேலை வந்துவிட்டது. பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டரை ஆயிற்று. பிரமநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார், நடந்தார், மறுபடியும் பார்த்தார். மீசை துடித்தது. அவருக்குள் கோபம் எழுந்து நிற்பது பத்தடி தள்ளி நின்றவர்களுக்கே தெரிந்தது. போச்சு, ஏழு வருஷத்துக்கு முந்தி நடந்தது மறுபடியும் நடக்கப்போகிறது என்று சைலப்பன் கட்டிப்போன தொண்டையோடு முனகினார். ஆவுடையம்மாள் புருஷனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு பஸ் வந்தது. டிரைவரும் கண்டக்டரும் புதியவர்கள், பிந்திப்போன அவசரத்தில் இருந்தார்கள். தோளில் தூங்குகிற பிள்ளையும் கையில் பையுமாகக் குழல்வாய்மொழி படிக்கட்டில் தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் அவள் கால் அப்படியே நின்றுவிட்டது.  "லேட்டாயிட்டுப்பா" என்றாள், பழைய பயத்தோடு.

"எறங்கும்மா சீக்கிரம், டைம் ஆச்சு" என்று கண்டக்டர் விசில் ஊதினார். வண்டி ஓர் அடி நகர்ந்தது.

பிரமநாயகம் மனைவியின் கையை உதறிவிட்டுப் பாய்ந்தார். நேராகப் போய் பஸ்ஸுக்கு முன்னால், முன்கண்ணாடியில் தன் முகம் தெரிகிற தூரத்தில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். டிரைவர் பிரேக்கை மிதித்தார். "எவம்லே அவன் எங்கிட்ட டைம் பேசுதவன்?" என்று பிரமநாயகம் போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. "முப்பத்தோரு வருஷம் இந்த இடத்துல நின்னு டைம் சொன்னவன் நான். எம்பிள்ளை இறங்குதா. வண்டி நிக்கட்டும்லே!"

பிறகு மகள் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொள்ள அவருக்குத் தெரியாது, அதே சத்தத்தில்தான் சொன்னார்:

"நீ மெதுவா இறங்கு தாயி."